கல்லில் வெளுத்த பெயர்

கற்குன்றின் தோள்மீது கதிரவன் தன் முதற் பொன்னிழைகளைச் சாத்தி, கீழே வளைந்து கிடந்த தெருவையும், அத்தெருவின் ஓட்டுக்கூரைகளையும், கூரைகளுக்கு நடுவே கோபுரம் ஏதுமின்றி அடக்கமாய் நின்ற கல் ஆலயத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகத் துயிலெழுப்பிக்கொண்டிருந்த இனிய விடியற்பொழுதில், படிக்கும் பெருந்தகையீர், அந்த ஆலயத்தினுள்ளே ஆடும் விசுப்பலகை ஒன்றின்மேல் ஏறி, ஒரு கையில் தேங்காய்நாரும் மறு கையில் சலவைக் காரநீர்க் குவளையுமாய், போரில் மாண்ட ஒருவனது பெயரைச் சுவரிலிருந்து அறவே தேய்த்தொழித்துவிட்டு வாய்பிளந்து நின்றவன் நானே.

வேண்டுமென்று செய்தேனல்லேன். ஆயினும் அப்படித்தான் சபையார் சொல்வார்கள். சொல்வதற்கு இடமும் உண்டு. அழிந்த பெயர் என் மனைவியின் முதற்கணவனுடையது.

பாப்டிஸ்ட் சபை என்று ஊரார் அழைக்கும், மூழ்கித் திருமுழுக்குப் பெறுவோரின் ஆலயம் அது. குன்றிலே கல்லுடைத்துப் பிழைத்த முன்னோர், பகலெல்லாம் பிறர் மாளிகைகளுக்குக் கல் பிளந்து, அந்தி சாய்ந்தபின் தமக்கென ஒவ்வொன்றாய்த் தோளிற் சுமந்திறங்கி, ஒரு தலைமுறை கழியுமட்டும் அதை எழுப்பினார்கள். ஓவியமில்லை, வண்ணக் கண்ணாடியில்லை. போதகர் மேடைக்கு முன்னே பலகையால் மூடிய கல்தொட்டி ஒன்றே அதன் அணிகலன். மீசை அரும்பும் பருவத்தில் அத்தொட்டியில் வெண்ணுடையோடு மூழ்கி எழுந்த இளைஞர் சிலர், பெரும்போர் மூண்டபோது அதே ஆலயத்தின் வாயிற்படி வழியே வரிசையாய் நடந்து போனார்கள். கடலிலும் சேற்றிலும் மறுமுறை மூழ்கினார்கள், எழவில்லை. உடல்கள் வாராமையால், குன்றின் கல்லிலேயே பலகை ஒன்றை அறுத்து, பெயர்களைப் பொறித்துச் சுவரிற் பதித்தது சபை. ஆண்டுதோறும் நினைவு ஞாயிற்றுக்கு முந்திய நாள், மாண்டவனின் வீட்டார் வந்து அவன் பெயருக்குத் தூரிகையால் மை தீட்டுவார்கள். மறுநாள் அதனை உரக்கப் படிப்பார்கள். வேறெவரும் தீட்டலாகாது என்பது வழக்கம்.

என் இல்லாள் ஆண்டுதோறும் தீட்டினாள். அவள் நாவை உதட்டோரம் மடித்து, மூச்சடக்கி, அவன் பெயரின் ஒவ்வொரு வளைவிலும் மெல்ல மெல்லச் செல்லுகையில், விசுப்பலகை ஆடாமல் கீழே குனிந்து பிடித்துக்கொண்டிருப்பவன் நான். கணவன்மார் பலருக்கு வாய்க்காத பேறு அது.

நான் தையற்காரன். எவனையும் ஒருமுறை பார்த்தால் எந்தத் தோள் தாழ்ந்தது, எந்த வயிறு தள்ளியது என்று கண்ணாலேயே அளந்துவிடுவேன். போருக்குப் பின் இவ்வூர் வந்தவனாகையால், இவனை அளக்க மட்டும் வழியில்லை. போர்க்காலத்தில் அவர்கள் வீடு எரிந்தபோது அவன் படமும் எரிந்துபோயிற்று. படமொன்று இருந்திருந்தால், காது பெரிது, கழுத்து குட்டை என்றாவது தேறுதல் கொண்டிருப்பேன். இல்லாமையால் அவன் நாளுக்குநாள் அழகனானான். எனக்கு முடி உதிர உதிர அவனுக்கு அடர்ந்தது. எனக்குத் தொந்தி சரியச் சரிய அவனுக்கு இடை சிறுத்தது. நான் குறட்டை விடுகிறேன், அவன் விடுவதேயில்லை. “அவர் திரும்பி வந்திருந்தா?” என்று மணமான நாள்முதல் கேட்டு வருகிறேன். “சாப்பாடு ஆறுது, வாங்க” என்பதே அவள் தந்த மறுமொழி. ஆறிய சாப்பாட்டைவிட அம்மறுமொழியே என் வயிற்றை அதிகம் எரித்தது.

இவ்வாண்டு பலகையைக் கழுவும் முறை என் தலையில் விழுந்தது. மற்றையோர் பெயர்களை ஈரத்துணியால் ஒற்றி முடித்தேன். அவன் பெயரிடம் வந்ததும், அழுக்காற்றினால் அரைகுறையாய் விட்டான் என்று எவரும் சொல்லலாகாதே என்னும் வீம்பு தலைக்கேற, காரநீரைக் கொட்டி, அன்புடையவன்போல் அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். மை கரைந்து வழிந்தது. அதன்பின்பே தெரிந்தது: பலகையின் அம்மூலையில் மழைக்கசிவு கல்லை என்றோ அரித்திருந்தது. இத்தனை ஆண்டும் அவனைக் காத்து நின்றது கல்லன்று, அவள் தீட்டிய மை.

போதகர் உள்ளே வந்தார், அண்ணாந்து பார்த்தார்.

“என்ன ஐயா, ஒரு ஆளைக் காணோம்?”

“கழுவினேன், போதகரே.”

“எல்லாரையும்தானே கழுவினீங்க? இவர் மட்டும் எங்க போனாரு?”

“இவரைக் கொஞ்சம் நல்லாக் கழுவிட்டேன்.”

“நாளைக்கு நினைவு ஞாயிறு. சபை என்ன பேசும்னு உங்களுக்கே தெரியும். வீட்டம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் இந்தப் பக்கம் வரவே இல்ல” என்று, வந்த வழியே வெளியேறினார் அந்த நல்ல மேய்ப்பர்.

சொல்லப் போகவேண்டிய தேவை எழவில்லை. மைக்கிண்ணமும் தூரிகையுமாய் அவளே வாயிலில் நின்றாள். வெளுத்த இடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“வேணும்னே செஞ்சீங்களா?”

“சத்தியமா இல்ல. பொறாமை இல்லைன்னு காட்டத்தான் தேய்ச்சேன்.”

“பொறாமை இல்லாத மனுஷன் ஈரத்துணியோட நிறுத்தியிருப்பான்.”

குனிந்து, ஒதுங்கி இடம்விட்டேன். அவள் என் தோளைப் பற்றி விசுப்பலகையில் ஏறி, கண்களை மூடிக்கொண்டு, விரல்நுனியால் கல்லைத் தடவலானாள். காய்ச்சல் கண்டபோதெல்லாம் என் நெற்றியைத் தொட்டறிந்த அவ்விரல், அவனது முதலெழுத்தைத் தேடி அலைந்து, கண்டுகொண்டு, நின்றது. கல்லாய்ப் பிறவாமற் போனேனே என்று, பெருந்தகையீர், அந்நேரத்திலும் என் நெஞ்சு புழுங்கிற்று.

“விரலுக்குத் தெரியுது, கண்ணுக்குத் தெரியல. நான் தொட்டுக் காட்டறேன். பின்னாலேயே நீங்க எழுதுங்க.”

“வீட்டார்தானே எழுதணும்? நான் அவருக்கு என்ன முறை?”

“நீங்க எனக்கு வீட்டுக்காரர். அது போதும்.”

தூரிகையை மையில் தோய்த்தேன். மாண்டோர் பெயர்களெல்லாம் அருகே மை மங்கி ஈரமாய் மின்ன, தம் வீட்டாருக்காகக் காத்திருந்தன. இத்தனை ஆண்டும் கேட்டதை இன்னொருமுறை கேட்டேன்.

“அவர் திரும்பி வந்திருந்தா?”

சாப்பாடு ஆறுவதாக அவள் சொல்லவில்லை. விரலைக் கல்லிலிருந்து எடுக்காமலே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“வந்திருந்தா அவரோடதான் இருந்திருப்பேன். சந்தோஷமாவும் இருந்திருப்பேன். உங்ககிட்ட எப்பவாவது ஒரு சட்டை தைக்கக் கொடுத்திருப்பேன், அவ்வளவுதான். பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவர் முகம் எனக்கு எப்பவோ மறந்துபோச்சுங்க. கண்ணை மூடி நினைச்சுப் பார்த்தா உங்க முகந்தான் வருது. அவருக்குன்னு எங்கிட்ட மிச்சம் இருக்கறது இந்தப் பேரு ஒண்ணுதான். அதையாவது கோணாம எழுதுங்க.”