கடைசிக் குழாய்

அன்று பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியபோது தொட்டிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீர்த் தொட்டியை நிரப்பித் திறந்துவிடுவது, அதில் குளோரின் கலப்பது, ஒவ்வொரு தெருக் கடைசியிலும் அந்தக் குளோரின் வந்து சேர்ந்திருக்கிறதா என்று தினமும் சோதித்து நோட்டில் எழுதுவது, இதெல்லாம் அவர் வேலை. பதினாறு வருடமாக இதைச் செய்கிற மனிதரை, தண்ணீர் வராத நாளில் திட்டுவதற்குத் தவிர யாரும் கூப்பிட்டதில்லை. இப்போது அறிவியல் டீச்சரே கூப்பிட்டிருக்கிறார். இஸ்திரி போட்ட சட்டை, வழித்துச் சீவிய தலை. “கல்யாண மாப்பிள்ளை தோத்தாரு போங்க” என்று மனைவி வாசலில் நின்று கிண்டல் செய்தாள்.

ஐந்தாம் வகுப்பறையில் பெஞ்சுகளை ஒட்டிப் போட்டிருந்தார்கள். ‘குடும்பத்தோடு அறிவியல்: நாம் குடிக்கும் தண்ணீர்’ என்று கரும்பலகையில் எழுதி, கீழே கட்டம் போட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பமும் வீட்டிலிருந்து ஒரு பாட்டில் குடிதண்ணீர் கொண்டுவர வேண்டும். கட்டத்தை நிரப்பும் பொறுப்பு தொட்டிக்காரரின் மகளுக்கு. எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். அப்பாவைப் பார்த்ததும் சாக்பீஸைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள்.

முதலில் வடிகட்டி செய்தார்கள். பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து, பஞ்சு, கரி, மணல், கூழாங்கல் என்று அடுக்கி, சேற்றுத் தண்ணீரை ஊற்றினார்கள். பிள்ளைகளைவிட அப்பாக்கள்தான் முண்டியடித்தார்கள். ஒருவர் மணலைச் சட்டைப்பை வரைக்கும் கொட்டிக்கொண்டு பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். கீழே தெளிவான தண்ணீர் சொட்டியதும் எல்லோரும் கைதட்டினார்கள்.

“இப்ப இதைக் குடிக்கலாமா?” என்று டீச்சர் கேட்டார்.

“குடிக்கலாம்!” என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

தொட்டிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். “கூடாது. தெளிவா இருக்கறதெல்லாம் சுத்தம் இல்ல. கிருமி கண்ணுக்குத் தெரியாது. அதைக் கொல்றதுக்குத்தான் குளோரின் போடறோம். இந்தத் துளி மருந்தை விட்டா, குளோரின் இருக்கற தண்ணி மஞ்சளாகும். இல்லாட்டி நிறமே வராது. கண்ணு சொல்றதை நம்பாதீங்க, சோதிச்சுப் பாருங்க.” வாய் கூசாமல் சொன்னார்.

வாய் கூசியிருக்க வேண்டும். ஏனென்றால் மேட்டுத்தெருவின் கடைசிக் குழாயை அவர் சோதித்து நாலு மாதம் ஆகிறது. அங்கே போக எண்பத்திரண்டு படி ஏற வேண்டும். ஒருநாள் மழை, மறுநாள் முழங்கால் வலி. முன்னெல்லாம் என்றைக்குப் பார்த்தாலும் அங்கே குளோரின் அளவு 0.5தான் வந்திருக்கிறது; நேற்று இருந்தது இன்றைக்கு எங்கே போய்விடப் போகிறது என்று நோட்டில் 0.5 போட்டார். மூன்றாவது நாள் காரணம்கூடத் தேவைப்படவில்லை.

ஒவ்வொரு குடும்பமாக வந்தது. அவர் சோதனைக் குழாயில் தண்ணீர் ஊற்றித் துளி விடுவார், நிற அட்டையோடு ஒப்பிட்டு எண்ணைச் சொல்வார், வக்கீல் எழுதுவாள். எல்லாம் மஞ்சள். ஒவ்வொரு மஞ்சளுக்கும் கைதட்டல். அவர் உச்சி குளிர்ந்துபோனார்.

ஏழாவதாக வந்தது தையல்காரம்மா. இடுப்பில் மூன்று வயதுக் குழந்தை. மேட்டுத்தெருக் கடைசி வீடு. அவளைப் பார்த்ததும் அவர் சோதனைக் குழாயை இன்னொரு தரம் கழுவினார். அந்தக் குழந்தை போன மாதம் வயிற்றுப்போக்கில் நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது ஊருக்கே தெரியும். இப்போதும் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டுதான் இருந்தது.

தண்ணீரை ஊற்றித் துளி விட்டார். நிறம் வரவில்லை. ஆட்டிப் பார்த்தார். இன்னொரு துளி விட்டார். வெறும் தண்ணீராகவே நின்றது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“என்னண்ணே, என்னோடது மஞ்சளாகல?”

“அது... நேத்தே பிடிச்சு வெச்ச தண்ணியா இருக்கும். வெச்சிருந்தா குளோரின் பறந்துடும்.” பதினாறு வருட அனுபவம் அந்த நேரத்தில் பொய்க்குத்தான் கைகொடுத்தது.

“காலையிலதாண்ணே பிடிச்சேன்.” அவள் சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரல் இறங்கிவிட்டது. “குடத்துலேர்ந்து ஊத்திட்டு வந்தேன். குடம்தான் அழுக்கோ என்னவோ. டாக்டரும் சுத்தமா வெச்சுக்கச் சொன்னாரு. நானும் தினம் தேய்க்கத்தான் செய்யறேன்.”

குடத்தின் மேல் தப்பில்லை என்று சொல்ல அவருக்கு ஒரு மூச்சுதான் தேவைப்பட்டது. அந்த மூச்சை அடக்கிக்கொண்டு, “இருக்கும், இருக்கும்” என்றார். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா தன் பாட்டிலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.

வக்கீல் கரும்பலகைப் பக்கம் திரும்பி மளமளவென்று எழுதினாள். மேட்டுத்தெரு: 0.5.

“ஏம்மா, நிறமே வரலையே. எப்படி 0.5 போட்ட?” என்றார் டீச்சர்.

“மேட்டுத்தெருவுக்கு எப்பவும் அதான் மிஸ்” என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. “அப்பா தினம் காலையில சாப்பிட்டுக்கிட்டே எழுதுவாரு. போயெல்லாம் பாக்க வேணாம்.”

வகுப்பறையில் யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். தொட்டிக்காரருக்குக் காது மடல்வரை சுட்டது. இஸ்திரிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. குழந்தை ஏதோ விளையாட்டுப் பேச்சு பேசிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஆமாம் என்று சொல்வார் என்பதில் அவளுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை.

“பாப்பா சொல்றது உண்மை” என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னார். “நாலு மாசமா நான் அங்க ஏறவே இல்ல. பாக்காம எழுதினேன். அந்தக் குழாய்க்குக் குளோரின் வந்து சேரல. மேட்டுத்தெருக்காரங்க எல்லாரும் நான் சரிபண்ணிச் சொல்ற வரைக்கும் தண்ணியக் கொதிக்க வெச்சுக் குடிங்க. தப்பு என்னோடது.”

தையல்காரம்மா திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார். அவளோ குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப... என் குடத்தால இல்லையாண்ணே?”

“இல்லம்மா.”

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். ஒரு மாதமாக இறக்கி வைக்க இடம் தெரியாமல் சுமந்ததை இறக்கி வைத்த மூச்சு. கண் கலங்கிவிட்டது. அவள் கோபப்பட்டிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். இந்த நிம்மதியைத்தான் தாங்க முடியவில்லை. கூனிக்குறுகிப்போய், ஏதாவது செய்தாக வேண்டுமே என்று கரும்பலகையை நோக்கிப் போனார். அந்த 0.5-ஐயாவது தன் கையால் அழித்துத் திருத்தி எழுதலாம்.

“சாக்பீஸைக் குடும்மா.”

வக்கீல் கொடுக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். உதடு துடித்தது, ஆனால் அழவில்லை. அவரைத் தாண்டிப் போய்ச் சோதனைக் குழாயை எடுத்து, ஒரு வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“நீங்க எழுத வேணாம்பா” என்றாள். “நான் பாத்துட்டு எழுதறேன்.”