இறப்பு அதிகாரத்தில் ஒரு திருத்தம்

கோமுவின் விரல்கள் அந்த வரியில் நின்றுவிட்டன. ‘நினைவு தப்பியவர்களுக்கு வயதுக் கணக்கு இல்லை. அவர்களுக்கான நாளை வீட்டாரே குறிக்கலாம்.’ போன வாரம் அவள் அடித்துக் கொடுத்த தாளின் ஓரத்தில், சிவப்பு மையில், மணிமணியான எழுத்தில் சேர்த்திருந்தார் சிவசண்முகம் சார்.

வண்ணார்பேட்டை பஸ் இரைச்சலுக்கு மேலே மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் அவளுக்கு அது பதினோராவது வருஷம். மனுவோ, பத்திர நகலோ, எதை அடித்தாலும் பொருள் மண்டையில் ஏறாமல் விரலோடு போய்விடும். சாரின் நாவல் மட்டும் அப்படிப் போகவில்லை. அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வுபெற்ற மனிதர், நிறைநாடு என்று ஒரு தேசத்தை எழுதிக்கொண்டிருந்தார். அங்கே பிறந்த மூன்றாம் நாள் குழந்தை பொது இல்லத்துக்குப் போய்விடும். எது யாருடைய பிள்ளை என்று தெரியாததால் சாதி இல்லை, சொத்துத் தகராறு இல்லை. மந்திரிகள் கிடையாது, சீட்டுக் குலுக்கி எடுத்த ஏழு பேர் ஆளுவார்கள். எழுபது நிறைந்தவர்கள் மாலை போட்டுக்கொண்டு மேளத்தோடு ஆற்றங்கரை மண்டபத்துக்குப் போவார்கள், திரும்ப மாட்டார்கள். ஊரைச் சுற்றி மதில். அதற்கு வெளியே ஒன்றுமே இல்லை என்பதுதான் பள்ளியில் முதல் பாடம்.

முதல் அதிகாரத்திலேயே அவளுக்கு உறுத்தியது. மகள் மாதுரியைப் பெற்ற மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டு பட்ட பாடு ஞாபகம் வந்தது. “அந்த இல்லத்துல பிள்ளைக மூத்திரத் துணிய யாரு சார் அலசுதா?” என்று கேட்டே விட்டாள். “அதெல்லாம் கதைக்கு எதுக்கும்மா” என்று சிரித்தார். வேலை செய்கிறவர்களைக் கண்ணில் காட்டாத ஊரை எப்படி நம்புவது என்று அன்றே நினைத்தாள்.

இப்போது இந்த வரி. வீட்டம்மாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை என்று மட்டும்தான் அவர் சொல்லியிருந்தார். அவர் தெருவிலிருந்து டைப் படிக்க வரும் சுப்ரஜாவிடம் பைய விசாரித்தாள்.

“அந்த அம்மைக்கு ஒண்ணும் நெனவில்லக்கா. சாரு கதவப் பூட்டிட்டுத்தான் வெளிய வாராரு.”

அன்று சாயங்காலமே சார் வீட்டுக்குப் போகப் பாளையங்கோட்டை பஸ் ஏறினாள். கதவு திறக்க நேரமாயிற்று. கையெல்லாம் சோப்பு நுரையோடு நின்றார் சார். பின்கட்டில் வாளி நிறையப் புடவைகள். முற்றத்து நாற்காலியில் அவர் மனைவி பிரம்மநாயகி, இறுக்கிப் பின்னிய தலையும் பவுடர் பூசிய முகமுமாக, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோமு தாளை நீட்டினாள். “இந்த வரி யாருக்கு சார்?”

“நிறைநாட்டுக்காரங்களுக்கு.”

“இந்த வீட்டுல இப்பம் இருக்க ஆளத்தான் கேக்கேன்.”

துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். “போன திங்கக்கெழம என்னையப் பாத்து, ‘நீரு யாரு வே, எங்க வீட்டுல என்ன செய்யுதீரு’ன்னு கேட்டா. நாப்பத்தோரு வருசம் கோமு. அதுக்குப் பொறவுதான் எழுதினேன்.”

“எழுதினதோட சரிதானா?”

அவர் துண்டை உதறிக் கொடியில் போட்டார். அவர் முகத்தில் இருந்தது அவமானமா, வேறு ஏதாவதா என்று அவளால் பிரித்தெடுக்க முடியவில்லை.

“இந்த வரிய நான் அடிக்க மாட்டேன் சார். ஆனா தெனமும் சாயங்காலம் இங்கன வருவேன். திருத்தம் இருந்தா இங்கனயே உக்காந்து போடுவோம்.”

“எதுக்கும்மா ஒனக்கு அலைச்சல்?”

“வருவேன்” என்றாள்.

வந்தாள். கதவு திறக்கத் தாமதமான நாட்களில் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குள் போய், அலமாரியில் மருந்துப் புட்டிகள் எத்தனை என்று பார்த்தாள். அப்படிப் பார்க்கிறதற்கு வெட்கமாக இருந்தது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. சார் அதைக் கவனித்தார். ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த அம்மாளுக்குச் சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டுவார். அவள் துப்பினால் துடைப்பார். ஒரு நொடி கண்ணை மூடி அப்படியே இருப்பார். அந்த ஒரு நொடிதான் கோமுவுக்குப் பயமாக இருந்தது. சிவப்பு வரியை அவர் கோடு போட்டு நீக்கவும் இல்லை, டைப் அடிக்கச் சொல்லவும் இல்லை.

ஆடி பிறந்து சாரல் காற்று வீசிய ஒரு நாள். இரண்டு பிரதிக்கும் சேர்த்துத் திருத்தம் எழுத, தாள்களுக்கு நடுவே கார்பன் மைத்தாளைச் செருகிக்கொண்டிருந்தாள் கோமு. மீதிக் கார்பன் காற்றில் பறந்து பிரம்மநாயகியின் மடியில் விழுந்தது. அந்த அம்மாள் அதை எடுத்துப் பூப்போலக் கசக்கினாள். பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, குனிந்து எழுதிக்கொண்டிருந்த புருஷனின் பின்னால் போய் நின்று, கழுத்தோரம் தோளில் கை வைத்தாள்.

சார் அசையவில்லை. பேனா தாளின் மேலேயே நின்றது. வெள்ளைச் சட்டையின் தோளில் ஐந்து விரல்களும் கறுப்பாகப் பதிந்துகொண்டிருந்தன.