நிழலின் அளவுக்கு உயர்த்திய சீட்

அந்தப் பழைய கியர் சைக்கிளை மூன்று மாடி தூக்கிவந்து மொட்டை மாடி வெயிலில் நிறுத்தியபோது, தரையில் விழுந்த அதன் நிழலில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். சைக்கிளின் மேல் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தேகால் மணி. பார்த்தவர்கள் மூன்று பேர்: சைக்கிளை வாங்கிய எக்ஸ்ரேக்காரர், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி, பின்சக்கரத்தைப் பிடித்துத் தூக்கிவந்த மைத்துனன். நிழல் ஆள் நல்ல உயரம், நீளக் கழுத்து. ஆனால் ஹேண்டில்பார்மேல் கவிழ்ந்து, கைகள் இரண்டும் தொங்கக் கிடந்தான். மைத்துனன் சைக்கிளைத் திருப்பிப் பார்த்தான். ஆளும் கூடவே திரும்பினான். விற்ற அம்மாள், "வெயில்ல மட்டும் நிறுத்திடாதீங்க சார்" என்று இரண்டு தரம் சொல்லியிருந்தாள். டயர் வெடித்துவிடும் என்று சொல்கிறாள் போலிருக்கிறது என எக்ஸ்ரேக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார்.

எக்ஸ்ரேக்காரருக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. அந்தக் குடும்பத்து ஆண்கள் ஐம்பதைத் தாண்டுவதில்லை. அப்பா, சித்தப்பா, அண்ணன் என்று வரிசை குலையாமல் போய்ச் சேர்ந்திருந்தார்கள். தன் நெஞ்சைத் தானே படம் எடுத்துப் பார்த்ததில், இதயம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. படியேறினால் நெஞ்சுக்குள் தண்ணீர் கட்டியதுபோல ஒரு ஈர இருமல் வேறு. டாக்டர் மாத்திரை எழுதினார், உடம்பை அசைக்கச் சொன்னார். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஒரு பெரிய மேடு இருந்ததால், வாங்குவதுதான் வாங்குகிறோம், மலை ஏறுகிற சைக்கிளாகவே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. மனைவிக்கு அந்த வருடம் முழுக்க ஒரே ஒரு பயம்தான். கடையில் போன் அடித்தால் வேறு யாரையாவது எடுக்கச் சொல்வாள். இப்போது துணைக்கு இன்னொரு பயமும் வந்து சேர்ந்தது. "திருப்பிக் குடுத்துடலாங்க" என்றாள். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான், அக்கா" என்றான் மைத்துனன். சொன்னவன், நிழலை மிதித்துவிடாமல் சுவரோரமாகச் சுற்றிக்கொண்டுதான் படி இறங்கினான்.

பழுது பார்க்க ஏழு ஞாயிறு பிடித்தது. செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் துரு தேய்த்து மாட்டினார்; அன்று நிழல் ஆளின் முழங்கால் அசைந்தது. பிரேக் கட்டையும் ஒயரும் மாற்றிய ஞாயிறு, தொங்கிக்கொண்டிருந்த விரல்கள் மடங்கி ஹேண்டிலைப் பிடித்தன. முன்சக்கரத்தின் கோட்டத்தை ஒவ்வொரு ஸ்போக்காக முறுக்கி எடுத்தபோது முதுகு நிமிர்ந்தது. மனைவி மாடியில் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு அறைக்குள்ளேயே கொடி கட்டினாள். அவருக்குப் பயமில்லையா என்றால், இருந்தது. ஆனால் அவர் இருபத்தாறு வருடம் நிழலைப் பார்த்தே சோறு தின்ற மனிதர். வந்தவன் ஒன்றுமில்லை என்பான், படம் எலும்பு முறிந்திருக்கிறது என்னும். கடைசியில் படம் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

அந்தப் பழக்கம்தான் குடியைக் கெடுத்தது. மிதி கீழே இறங்கும்போது முழங்கால் கொஞ்சமாக மடங்கியிருந்தால் சீட்டின் உயரம் சரி என்று கணக்கு. வேறு யாராக இருந்தாலும் ஏறி உட்கார்ந்து பார்த்திருப்பார்கள். அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்து, தரையில் குந்தி, நிழலின் முழங்காலைப் பார்த்து சீட்டை நான்கு விரற்கடை உயர்த்தி, சீட் திருகை முடுக்கும் அலன் கீயால் முறுக்கிவிட்டார். "உங்களுக்குக் கால் எட்டவே எட்டாதேங்க" என்றாள் மனைவி, மாடிக் கதவுக்குப் பின்னால் நின்றபடி. "நிழல்ல சரியா இருக்கு" என்றார் அவர்.

கால் எட்டாததால் ஒன்றும் குறையவில்லை. மேட்டில் மிதிகள் தாமாகவே சுற்றி அவரை ஏற்றிவிட்டன. சாலையில் விழுந்த நிழலில் இரண்டு தலை இருந்தது: நீளக் கழுத்துக்காரன் முன்னால், குட்டையான இவர் பின்னால், கேரியரே இல்லாத சைக்கிளில் அந்தரத்தில் உட்கார்ந்துகொண்டு. டபுள்ஸ் போகிறார் என்று ஒரு போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார். சைக்கிளைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், போங்க போங்க என்று அனுப்பிவிட்டார். ஓட்டத் தொடங்கிய நாற்பத்தோராம் நாள் அவர் ஒரே நிழலோடு திரும்பிவந்தார். அது அவருடையதல்ல. அவர் இறங்கியதும் அதுவும் இறங்கி, அவர் காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தது. மைத்துனன் இரண்டு நாள் மேடு முழுக்கத் தேடினான். மற்றவர்களுடைய நிழல்கள்தான் கிடந்தன.

அந்த வாரம் எடுத்த படத்தில் இதயம் கைப்பிடி அளவுதான் இருந்தது. டாக்டர் கைகுலுக்கினார். ஆனால் இடது பக்கம் மூன்றாவது விலாவில், எப்போதோ உடைந்து கூடிய தழும்பு தெரிந்தது. எக்ஸ்ரேக்காரர் பிறந்ததிலிருந்து எலும்பு உடைந்தவரல்ல. படத்தை வீட்டு ஜன்னலில் ஒட்டிவைத்து இருவரும் பார்த்தார்கள். "இது யாரோட நெஞ்சுங்க?" என்று கேட்டாள் மனைவி. "தெரியல. ஆனா நல்லா இருக்கு" என்றார் அவர். குரல் அவருடையதாகத்தான் இருந்தது.

அவள் படத்தை எடுத்துக்கொண்டு சைக்கிள் விற்ற அம்மாளின் வீட்டுக்குப் போனாள். அந்த அம்மாள் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, தேடாமலே மூன்றாவது விலாவில் விரலை வைத்தாள். "எங்க வீட்டுக்காரரு குளியலறையில வழுக்கி விழுந்தப்ப உடைஞ்சது. அவரு போனப்புறம் சைக்கிள் மட்டும் நின்னுச்சு. நானும் பயந்துதாம்மா மூணு வருஷம் தார்ப்பாய் போட்டு மூடி வெச்சேன்" என்றாள். விலாவிலிருந்து விரலை எடுக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது.

மைத்துனன் வழி சொன்னான். "சீட்டை மாமா உயரத்துக்கு இறக்கிடுக்கா. கால் மடக்க முடியாம அந்தாளு இறங்கிடுவான், மாமாவோட நிழல் தன்னால வந்துடும்." அவர் மதியம் தூங்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு, அவள் அலன் கீயோடு மாடி ஏறினாள். பாதித் திருகு திருகினாள். சீட் ஒரு விரற்கடை இறங்கியது. கீழே அறையிலிருந்து இருமல் கேட்டது: பல மாதமாகக் கேட்காத, பழைய, ஈர இருமல். அவள் சீட்டை வெடுக்கென்று மேலே இழுத்து, காலால் சைக்கிளை உதைத்துப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கை கன்றிப்போகும்வரை முறுக்கினாள். இருமல் நின்றது. "பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆகணும்" என்று அங்கே இல்லாத யாரிடமோ சொல்லிவிட்டு, அழுதாள்.

எக்ஸ்ரேக்காரருக்கு இப்போது அறுபத்தெட்டு. மேட்டை மூச்சு வாங்காமல் ஏறுகிறார். மாதத்தின் முதல் ஞாயிறு, வெயில் நன்றாக விழும் பத்து மணிக்கு, சைக்கிள் விற்ற அம்மாள் மாடிக்கு வருவாள். அவர் மரியாதைக்கு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வெயிலில் அசையாமல் நிற்பார். அந்த அம்மாள் நிழலின் பக்கத்தில் தன் நிழல் விழும்படி பத்து நிமிடம் நின்றுவிட்டு, வருகிறேன் என்று கிளம்புவாள். மனைவி கதவைப் பிடித்தபடி, அந்த நீள நிழலின் கால்கள் அந்த அம்மாள் போகும் பக்கம் திரும்புகின்றனவா, வீட்டுப் பக்கமா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். இதுவரை வீட்டுப் பக்கம்தான் திரும்பியிருக்கின்றன.