நாலுக்கு மேல் வேண்டாம்

ஆக்ஸிஜன் சிலிண்டரின் குமிழை ஐந்துக்குத் திருகப் போன மகளின் கையை அப்பா பிடித்துக்கொண்டார்.

"நாலுக்கு மேல வேண்டாம்மா."

"மூச்சு வாங்குதேப்பா."

"வாங்கட்டும். வண்டி எப்ப வருதாம்?"

மாற்று சிலிண்டரோடு கிளம்பிய வண்டி பாலத்தருகே நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று போனில் கத்திவிட்டு அண்ணன் உள்ளே வந்தான். "எவ்வளவு லேட்டானாலும் இருட்டறதுக்குள்ள வந்துடுவாராம்."

"அப்ப இருட்டற வரைக்கும்னே வை" என்றார் அப்பா. கொஞ்சம் மூச்சு சேர்த்துக்கொண்டு, "நாலால பெருக்கு" என்றார்.

கல்லூரியில் அவர் கணக்குப் பாடம் எடுத்தவர். இப்போது அதே வகுப்புகளை அவள் எடுக்கிறாள். காலையிலிருந்து அவருக்குத் தேவைப்படும் காற்று ஏறிக்கொண்டே இருந்தது. இனி எப்படி ஏறும் என்று யாருக்குத் தெரியும்? தெரியாததன் தொகையீட்டை, அதாவது நொடிக்கு நொடி மாறுவதன் மொத்தத்தை, அப்பா கணக்கிட மாட்டார். ஒரு உச்சத்தைத் தாண்டாது என்று வரம்பு கட்டிவிட்டு, அதை நேரத்தால் பெருக்குவார். மொத்தம் அதற்குள் அடங்கியே தீரும். வயதைக் கேட்டால்கூட "எண்பதுக்கு மேல இருக்காது" என்பவர்.

அவள் மனதுக்குள் பெருக்கினாள். நிமிடத்துக்கு நாலு லிட்டர் என்றால் இருட்டும்வரை தாங்கும். ஐந்து என்றால் தாங்காது.

"சரியா வருதுப்பா."

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் அவருடைய தோள்கள் எழும்ப ஆரம்பித்தன. உதடு நீலம் பாரித்தது. அவள் கை மறுபடி குமிழுக்குப் போனது. கண்ணைத் திறக்காமலே அப்பா நாலு விரலை உயர்த்திக் காட்டினார்.

"அஞ்சுல வைடி. பாக்க முடியல" என்றான் அண்ணன்.

"நடுவுல தீந்துட்டா? வெறும் குழாயை மூக்குல வெச்சுக்கிட்டு அவர் தவிக்கறதைப் பாத்துட்டு நிப்பியா?"

அவன் வாசலுக்குப் போய்விட்டான். அளவு காட்டும் முள்ளையும் அப்பாவின் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நெஞ்சு ஒருமுறை எழுந்து இறங்கியது. அடுத்த முறைக்காகக் காத்திருந்தாள். போர்வையின் மேல் நாலு விரல்களும் மெல்லப் பிரிந்து விழுந்தன.

"அப்பா," என்று கூப்பிட்டாள். பிறகு சத்தமாகக் கூப்பிட்டாள்.

அண்ணன் ஓடி வந்தபோது பின்னாலேயே வண்டியின் ஹாரன் கேட்டது. ஜன்னலில் வெயில் இன்னும் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. ஓட்டுநரும் தன் பங்குக்கு நேரத்தைக் கூட்டித்தான் சொல்லியிருந்தார்.

சிலிண்டரைத் தோளில் சுமந்து வந்த ஓட்டுநர் கட்டிலைப் பார்த்ததும் சத்தம் வராமல் கீழே இறக்கி வைத்தார். பழக்கதோஷத்தில் பழைய சிலிண்டரின் முள்ளைக் குனிந்து பார்த்தார்.

"இதுலயே நிறைய இருக்கேம்மா," என்றார். "மூடிடட்டுமா?"

"இருக்கட்டும்."

அவர் வெளியே போனதும் அவள் எழுந்து அப்பாவின் மூக்கில் நகர்ந்திருந்த குழாயைச் சரிசெய்தாள். பிறகு குமிழை ஐந்துக்குத் திருகினாள்.