இரண்டாவது பெயர்

வேதியியல் துறைத் தலைவர் பதவி காலியானபோது, அது தனக்குத்தான் வரும் என்று முத்துமாரியம்மாள் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மனசுக்குள் மட்டும் நம்பியிருந்தாள். மல்லாங்கிணற்றுக் கரிசல்காட்டில் உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டிலிருந்து எம்.எஸ்ஸி. படித்து, விருதுநகர்க் கல்லூரிக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிவிட்டது. போட்டிக்கு நின்றவர் ஒரே ஒருவர்: அதே துறையில் அவளுக்கு மூன்று வருஷம் மூத்த சங்கரபாண்டியன்.

1968 ஆவணியில் நேர்காணல் நடந்தது. முதல்வர் லட்சுமிகாந்தத்துக்குப் பக்கத்தில், சென்னையிலிருந்து வந்த நிபுணர் உட்கார்ந்திருந்தார். அமெரிக்காவில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். முன்னால் இருந்த தாளை விரலால் தட்டினார்.

"உங்க பேர்ல ஒண்ணுமே இல்லையேம்மா."

"எதுல சார்?"

உலகத்தில் யார் கட்டுரையை யார் எத்தனை தடவை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று அமெரிக்காவில் வருஷாவருஷம் ஓர் அட்டவணை போடுகிறார்களாம். அதன் நகலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். இனி அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் ஆட்களை வரிசைப்படுத்துவதாம். சங்கரபாண்டியனுக்கு ஒன்பது. அவளுக்குப் பூஜ்யம்.

"அந்த ஒம்பதும் ஒரே கட்டுரைக்கு வந்தது சார். ஈரக்காத்துல குளோரேட்டும் கந்தகமும் எப்படிச் சூடேறுதுன்னு எழுதுனது. அது எங்க ரெண்டு பேரு கட்டுரை. சோதனை அம்புட்டும் நான் செஞ்சது."

"இருக்கலாம். ஆனா அட்டவணையில முதல் பேரு மட்டும்தான் வரும். ரெண்டாவது பேரு வராது."

"அப்ப செஞ்சவளுக்குக் கணக்கே இல்லையா சார்?"

"எண்ணிக்கைக்கு ஆள் முகம் தெரியாதும்மா. பாரபட்சம் கூடாதுன்னுதானே இந்த முறை."

முத்துமாரியம்மாள் எழுந்து வெளியே வந்தாள்.

சில வருஷத்துக்கு முன்னால் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கொட்டகையில், ஐப்பசி ஈரத்தில் குளோரேட்-கந்தகக் கலவை தானாகவே பற்றி இரண்டு பெண்கள் கருகிப்போனார்கள். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் அவள் அந்த வேலையில் இறங்கினாள். இரண்டு மழைக்காலம், கண்ணாடி ஜாடிகளில் சிட்டிகை சிட்டிகையாகக் கலவையை வைத்து, மணிக்கொரு தரம் சூடு பார்த்துக் குறித்தாள். வலது கைப் புறங்கையில் இன்னும் தீத்தழும்பு இருக்கிறது. சங்கரபாண்டியன் அவள் கொடுத்த எண்களை வைத்து வரைபடம் போட்டுச் சமன்பாடு எழுதினார். அதுவும் வேலைதான், இல்லையென்று அவள் சொன்னதில்லை. கட்டுரையை டைப் அடித்தபோது அவர் பெயரை முதலில் போட்டது அவளேதான். "மூத்தவுக பேரு முன்னால இருக்கட்டும் சார்" என்றாள். "ஒங்க இஷ்டம்" என்றார் அவர்.

யாரும் கேட்காமல் தானே தாரைவார்த்த பெயர்!

மறுநாள் ஆசிரியர் அறையில் சங்கரபாண்டியனிடம் போய் நின்றாள். "சார், சோதனை செஞ்சது நான்தான்னு கமிட்டிக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க."

"அதுக்கென்ன, தாராளமா" என்றார். சொன்னபடி எழுதியும் கொடுத்தார். அதில், 'என் ஆய்வில் இவர் உறுதுணையாக இருந்தார்' என்று இருந்தது.

இரண்டு தடவை படித்தாள். "உறுதுணையா? யாருக்கு யாரு சார் துணை?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் அந்த வேலை வேணுமில்லம்மா. மூணு பொம்பளப் பிள்ளைக இருக்கு. பொய் எழுதல. இதுக்குமேல என்னால எழுத முடியாது."

கடிதத்தை மடித்து அவர் மேஜைமேலேயே வைத்துவிட்டு நேராக முதல்வரிடம் போனாள். லட்சுமிகாந்தம் நல்ல மனுஷர். முழுசாகக் கேட்டுக்கொண்டார். "நீங்க சொல்றது நெசந்தாம்மா. ஆனா கமிட்டி முடிவை நான் எப்படி மாத்த? அச்சடிச்ச தாளைக் காட்டுறாக. நம்ம கிட்ட வாய்ச்சொல்லுதானே இருக்கு" என்றார். புரட்டாசியில் சங்கரபாண்டியன் துறைத் தலைவரானார்.

மார்கழியில் ஜப்பானிலிருந்து அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. ஜாடிக்குள் ஈரப்பதம் மாறாமல் எப்படி வைத்தீர்கள் என்று ஒரு விஞ்ஞானி கேட்டிருந்தார். சங்கரபாண்டியனுக்கு அது தெரியாது. 'பதில் எழுதவும்' என்று ஒரு சீட்டை இணைத்துப் பியூன் மூலம் முத்துமாரியம்மாளுக்கு அனுப்பினார். கிழித்துப் போட்டுவிடலாமா என்று அவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால், கேட்ட கேள்வி நல்ல கேள்வி. நான்கு பக்கம், படம் போட்டு விளக்கி, 'இச்சோதனைகளைச் செய்தவள்' என்று தன் பெயரில் கையெழுத்திட்டு அனுப்பினாள்.

மாசியில் மறுபதில் வந்தது. அதுவும் சங்கரபாண்டியன் பெயருக்குத்தான். 'தங்கள் உதவியாளரின் விளக்கம் மிகவும் பயன்பட்டது. அவருக்கும் என் நன்றி.'

அவரே அதைக் கொண்டுவந்து கொடுத்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. "நான் வேணும்னா அவருக்குத் திருத்தி எழுதவாம்மா?"

"எம்புட்டுப் பேருக்குச் சார் எழுதுவீக?" என்றாள்.

அவள் ஆய்வுக்கூடத்துக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள். அலமாரிப் புட்டிகள் கலகலத்தன. அடுத்த சோதனைக்கு, இந்தத் தடவை தனியாளாக, கந்தகத்தை நிறுக்க உட்கார்ந்தாள். தராசு முள் நிலைக்கு வரும்வரை காத்திருந்தாள். பிறகு குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் தன் பெயரை மட்டும் எழுதி, அதன் கீழே எடையைக் குறித்தாள்.