மீட்டருக்கு இருபது டாலர்

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டே காலுக்கே என்னிடம் வேலை பார்க்கும் டாரன் ரம்பத்தை நிறுத்திவிட்டான். இரண்டரைக்கு மைய வங்கி வட்டி முடிவைச் சொல்லும். எங்கள் ஆஸ்திரேலிய ஊரான பலாரட்டில் வீட்டுக்கடன் வாங்கிய யாருக்கும் அந்த நேரத்தில் வேலை ஓடாது. டாரன் பாடு இன்னும் மோசம். அவனுடையது வட்டியோடு தவணையும் ஏறுகிற கடன், இந்த வருடம் மட்டும் நான்கு முறை ஏறிவிட்டது. இன்னொரு முறை ஏறினால் வீட்டை விற்றுவிட்டு, கைக்குழந்தையோடு தன் அம்மா வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவன் மனைவி கெய்லி சொல்லிவிட்டாள்.

எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. எல்லாம் என் வாயால் வந்த பயம்.

இரண்டு வாரம் முன்பு இமோஜன் என்றொரு பெண் என் வேலிப் பட்டறைக்கு வந்திருந்தாள். மைய வங்கிக்காக ஊர் ஊராகப் போய் வியாபாரிகளிடம் விலை நிலவரம் கேட்பது அவள் வேலை.

"விலை ஏத்தப் போறீங்களா நரெல்?"

"மீட்டருக்கு இருபது டாலர்," என்றேன், பெருமையாகவே. "மரம் என்னமோ அஞ்சு டாலர்தான் ஏறியிருக்கு. ஊரே ஏத்தும்போது நான் மட்டும் இளிச்சவாயா? யாரும் மூச்சு விடறதில்ல."

அவள் எழுதிக்கொண்டாள். பலகை இழைத்துக்கொண்டிருந்த டாரன் திரும்பினான்.

"விலைய ஏத்துறது இவங்க. வட்டி மட்டும் என் தலையிலயா?"

"உங்க கையில காசு குறைஞ்சா நீங்க புது வேலி போட மாட்டீங்க," என்றாள் இமோஜன் மெதுவாக. "உங்கள மாதிரி ஆயிரம் பேர் போடலேன்னா இவங்களால விலைய ஏத்த முடியாது. எங்க கையில இருக்கறது அது ஒண்ணுதான்."

"நல்லா இருக்கு உங்க நியாயம்."

இந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டரை ஆயிற்று. கால் சதவீதம் ஏற்றம் என்றது ரேடியோ. டாரன் அதை அணைத்தான். என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"சம்பளத்த மணிக்கு நாலு டாலர் கூட்டிக் குடுங்க பாஸ். வேலி விலையில சேத்துக்குங்க. யாரும்தான் மூச்சு விடறதில்லையே."

கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மீட்டருக்கு இன்னும் பத்து ஏற்றினால் சரியாகிவிடும். வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. பெல்ஹம், எண்பது மீட்டர் வேலிக்குச் சொல்லியிருந்தவர். கையெல்லாம் மரத்தூள், ஸ்பீக்கரில் போட்டேன்.

"அந்த வேலி இப்ப வேண்டாம்மா நரெல். ரேடியோ கேட்டேன். பழசுக்கே முட்டுக் குடுத்து ஒரு வருஷம் ஓட்டிக்கறேன்."

"பழைய விலைக்கே போட்டுத் தரேன். அதுக்கும் கீழகூடப் பேசலாம்."

"இல்லம்மா, வேண்டாம்."

வைத்துவிட்டார். அந்தப் பெண் சொன்னது என் கண் முன்னாலேயே நடந்துவிட்டது. விலையை நானே என் வாயால் இறக்கியிருந்தேன். சுவரில், வரப்போகும் வேலைகளை எழுதிவைக்கும் பலகை தொங்கியது. வியாழன் முதல் பெல்ஹம் பெயர் ஒன்றுதான் எழுதியிருந்தது.

டாரனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நாலு டாலரைப் பற்றி அவன் மறுபடி பேசவில்லை.

"வியாழக்கிழமை நான் வரணுமா பாஸ்?" என்றான்.