ஒரு இமைப்பொழுது

கீபோர்டு இசையோடு சேர்த்துத் தன் மனைவியின் குரலையும் ஒலிப்பதிவாளர் தவறுதலாகக் குவான்டைஸ் செய்துவிட்ட மத்தியானத்திலிருந்து, அவள் மூச்சுவிடுவது, நடப்பது, வெங்காயம் நறுக்குவது எல்லாமே தாளத்துக்குள் விழுந்தன. குவான்டைஸ் பெரிய வித்தை ஒன்றுமில்லை. கணினித் திரையில் கட்டங்கள் இருக்கும். முன்னே பின்னே விழுந்த சுரமெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தியதும் பக்கத்துக் கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். அன்று வேலை ஒரு விளம்பரப் பாட்டு. அதைக் கேட்டு வந்த விளம்பரக்காரர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போலப் பறந்தார். அந்தப் பதற்றத்தில் இவர் எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழுத்தி, பழையதன் மேலேயே சேமித்தும் விட்டார். கண்ணாடி அறையிலிருந்து மனைவி வெளியே வந்தபோது அவளுடைய செருப்புச் சத்தம், டிக் டிக்கென்று தாளம் தட்டும் மெட்ரோனோமோடு பிசகாமல் பொருந்தியது.

அதுவரை அவள் எதிலும் ஒரு இமைப்பொழுது பின்தங்கியவள். கூட்டமே சிரித்து ஓய்ந்தபின் தனியாகச் சிரிப்பாள். அந்தத் தனிச் சிரிப்பைக் கேட்டுத்தான் இவர் முதன்முதலில் அவளைத் திரும்பிப் பார்த்தார். இப்போது அவள் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள்; அதில் அவள் சிரிப்பு எதுவென்று இவருக்குத் தெரியவில்லை. இவருடைய அம்மாவுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். "இப்பத்தான்டா ஒரு வழிக்கு வந்திருக்கா. கூப்பிட்ட உடனே வந்து நிக்கிறா பாரு!" இவர் கூட்டிப்போய்க் காட்டிய மருத்துவரோ அவள் நாடியைப் பிடித்துப் பார்த்துப் பாராட்டி அனுப்பினார். அவளுடைய அப்பா இறந்தபோது அவள் தாளம் தப்பாமல் அழுதாள். சுற்றியிருந்த உறவுக்காரர்களும் தம்மை அறியாமல் அதே தாளத்தில் அழுதார்கள்.

சுரங்களைக் கொஞ்சம் கலைத்துவிடும் வசதியும் அந்த மென்பொருளில் உண்டு. அவள் குரலுக்கு அதையும் செய்து பார்த்தார். ஒரு வாரம் அவள் படியில் தடுக்கினாள், டம்ளர்களை உடைத்தாள்.

"ஏங்க, இது யாரோ ஒருத்தியோட தாமதம். என்னோடது இல்ல. எடுத்துடுங்க," என்றாள்.

எடுத்தார். எடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

"உன்னக் கெடுத்துட்டேனே!"

"வலியெல்லாம் இல்லைங்க. முன்னெல்லாம் எதுக்கும் முன்னாடி ஒரு சின்ன இடம் இருந்துச்சு. நான் அதுலதான் இருந்தேன் போல."

அன்று முதல் அந்த இடத்தை இவர் காலியாக வைத்துக் காத்தார். யார் என்ன சொன்னாலும் கொஞ்சம் பொறுத்தே பதில் சொன்னார், பொறுத்தே சிரித்தார். முதலில் அது நடிப்பு. சில வருஷங்களில் அதுவே ஒட்டிக்கொண்டது. கைதட்டினால்கூடச் சத்தம் சற்றுக் கழித்துத்தான் வந்தது. வேலை குறைந்தது. அவர் கவலைப்படவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் மகள் ஏதோ கடி ஜோக் சொன்னாள். எல்லோரும் சிரித்து ஓய்ந்து, தட்டுகளை எடுக்கத் தொடங்கிய பிறகு இவர் தனியாகச் சிரித்தார்.

மனைவி திரும்பிப் பார்த்தாள். தட்டோடு அப்படியே நின்றாள்.

"உங்களுக்கு எப்பவுமே லேட்டாத்தான் புரியும்," என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா," என்றார். அதன்பின் அந்த வீட்டில் பின்தங்குவது அவர் பொறுப்பாயிற்று.